யாருமில்லாத வளவும் போக்கில்லாத வெள்ளமும்

வாசகர் கேள்வி – பதில்

மாரி தொடங்குமுன் வரும் கடிதங்களில் காணித் தகராறும் வெள்ளமும் ஒன்றாகவே வந்து சேரும். இம்முறை அப்படி வந்தவற்றில் ஐந்தை எடுத்திருக்கிறேன். முதற்கடிதத்தின் விடயம் பல ஊர்களுக்கும் பொதுவானது என்பதால் அதற்கு அதிக இடம் கொடுக்க நேர்ந்தது.

கேள்வி: எங்கள் ஒழுங்கை மட்டக்களப்பு மாவட்டத்தின் எழுவான்கரையில் (வாவிக்குக் கிழக்கே, கடல் பக்கம்), பிரதான வீதிக்கும் வாவிக்கும் இடையே இருக்கிறது. ஒழுங்கையின் கீழ்க்கோடியில் நாற்பது பேர்ச் வளவொன்று 1990ஆம் ஆண்டிலிருந்து பூட்டிய படலையுடன் பற்றைக்காடாகக் கிடக்கிறது. உரிமையாளர் குடும்பம் கனடாவில் இருப்பதாகச் சொல்கிறார்கள். மாரி காலத்தில் ஒழுங்கைத் தண்ணீர் முழுவதும் அந்த வளவுக்குள் இறங்கி, அது நிரம்பியதும் திரும்பி எங்கள் முற்றங்களுக்கு ஏறுகிறது. பாம்பும் நுளம்பும் வேறு. எங்கள் உள்ளூராட்சிச் சபைக்கு மூன்று முறை எழுதினோம். தனியார் காணிக்குள் தாங்கள் கால் வைக்க இயலாது என்பதே பதில். அந்த வளவைச் சபை சுவீகரித்து, மண் போட்டு நிரவி, ஓரமாக வடிகான் கட்டி, மிச்சத்தைச் சிறுவர் விளையாட்டிடமாக்க முடியாதா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்

பதில்: அம்மா, சட்டத்துக்குப் போகுமுன் அந்த வளவு இன்று என்ன வேலை செய்துகொண்டிருக்கிறது என்று பார்ப்போம். நாற்பது பேர்ச் என்பது 10,890 சதுர அடி. அதில் ஓர் அடி உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் ஏறத்தாழ மூன்று இலட்சம் லீற்றர். பத்தாயிரம் லீற்றர் பிடிக்கும் பௌசரில் ஏற்றினால் முப்பது பௌசர். நீங்கள் எல்லோரும் வெறுக்கும் அந்தப் பற்றை வளவு, ஒவ்வொரு மாரியிலும் உங்கள் ஒழுங்கையின் முப்பது பௌசர் தண்ணீரை ஒரு சதமும் கேட்காமல் ஏந்தி வைத்திருக்கிறது. அதை நிரவி விளையாட்டிடமாக்கினால் அந்த முப்பது பௌசரும் உங்கள் முற்றத்தில்தான் இறங்கும். ஆகவே நிரவுகிற எண்ணத்தை முதலில் கைவிடுங்கள். விளையாட்டிடம் நல்ல விருப்பம்தான், ஆனால் இந்த வளவுக்கு அது பொருந்தாது.

எழுவான்கரை மணற்பாங்கான நிலம் என்பதால் ஐப்பசி மழையை மண் குடித்துவிடும். கார்த்திகை கழிவதற்குள் கிணற்று நீரைக் கயிறில்லாமல் கையால் அள்ளும் மட்டத்துக்கு நிலத்தடி நீர் ஏறிவிடுகிறது. அதன் பிறகு விழும் ஒவ்வொரு துளியும் மேலால்தான் ஓட வேண்டும். மட்டக்களப்பில் ஆண்டு முழுவதும் பெய்யும் ஏறத்தாழ 1,700 மில்லிமீற்றர் மழையில் பெரும்பகுதி கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் கொட்டுவதை நினைத்துப் பாருங்கள். முன்னாளில் அந்தத் தண்ணீர் வளவுக்கு வளவு வேலியின் அடியால் கசிந்து, நாம் ஆறு என்று சொல்லிப் பழகிய வாவிக்குப் போனது. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் எழுந்த வீடுகளில் பல, கிரவல் கொட்டி இரண்டு மூன்றடி உயர்த்தப்பட்ட நிலத்தில் மதிலோடு நிற்கின்றன. ஒழுங்கைகள் கொங்கிரீட் வீதிகளாகி அவையும் உயர்ந்துவிட்டன. உயர்த்த ஆளில்லாத காணி மட்டும் பழைய மட்டத்தில் இருப்பதால் ஊர்த் தண்ணீர் அதைத் தேடி வருகிறது. அந்தக் காணி ஊருக்குக் கெடுதல் செய்யவில்லை, ஊர் தன் தண்ணீரை அதன் தலையில் இறக்கிவிட்டிருக்கிறது என்று சொன்னால் அயலவர்கள் கோபிக்கக்கூடும். ஆனால் உரிமையாளரின் சட்டத்தரணி அதைத்தான் முதலில் சொல்லுவார்.

இனிச் சட்டம். ‘தனியார் காணிக்குள் கால் வைக்க இயலாது’ என்ற பதில் சரியானதன்று. பிரதேச சபைகளுக்கு 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டமும், நகர சபைகளுக்கு 1939ஆம் ஆண்டின் 61ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும், மாநகர சபைகளுக்கு 1947ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும் இருக்கின்றன. மூன்றிலும் வடிகால் அமைப்பதும் பராமரிப்பதும் சபையின் கடமைகளுள் அடங்கும். சுகாதாரத்துக்குக் கேடான பற்றையையும் தேங்கு நீரையும் அகற்றும்படி உரிமையாளருக்கு எழுத்தில் அறிவித்தல் கொடுக்கவும், அவர் செய்யாவிட்டால் சபையே செய்து செலவை அவரிடம் அறவிடவும் வழி உண்டு. நியாயமான முன்னறிவித்தல் கொடுத்து, ஏற்படும் சேதத்துக்கு நட்டஈடும் கொடுத்து, தனியார் காணியூடாக வடிகானைக் கொண்டுசெல்லவும் சபைகளுக்கு அதிகாரம் இருக்கிறது. நுளம்பு பெருக்கத்தைத் தடுக்கும் 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் கையில் இருக்கிறது. இவற்றில் எதற்கும் காணியின் உரிமை சபைக்கு மாற வேண்டியதில்லை.

சுவீகரிப்பு என்பது வேறு பாதை. 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி சுவீகரிப்புச் சட்டத்தின்படி காணியைச் சுவீகரிப்பது சபையன்று, அரசு. சபை கோரிக்கை வைக்கலாம். பொதுத் தேவை இருக்கிறதா என்று தீர்மானிப்பவர் காணி விடயத்துக்குப் பொறுப்பான அமைச்சர். இரண்டாம் பிரிவின் கீழ் முதல் அறிவித்தல் காணியில் ஒட்டப்பட்டு அளவையும் ஆய்வும் நடக்கும். நான்காம் பிரிவின் கீழ் உரிமையாளரின் ஆட்சேபனை கேட்கப்படும். ஐந்தாம் பிரிவின் கீழ்ப் பிரகடனம் வரும். ஏழாம் பிரிவின் கீழ் நட்டஈட்டுக் கோரிக்கைகள் அழைக்கப்படும். பின்னர் உரித்து விசாரணை, மதிப்பீடு, நட்டஈட்டுத் தீர்மானம் ஆகியன முடிந்து, 38ஆம் பிரிவின் கீழ் வர்த்தமானிக் கட்டளையால் காணி அரசுக்குப் போகும். அவசரம் என்று காட்டினால் நட்டஈட்டுக்கு முன்பே கட்டளையிட்டு உடைமை எடுக்கவும் அதே பிரிவில் இடமுண்டு. உரிமையாளர் நாட்டில் இல்லாமல், பிள்ளைகள் நான்கு பேர் மூன்று நாடுகளில் இருந்து, தாயின் பெயரில் உறுதி (உரிமைப் பத்திரம்) உள்ள காணியும் இன்னும் பிரிக்கப்படாமல் கிடந்தால், உரித்து விசாரணைப் படியில் மட்டும் பல மாரிகள் கழிந்துவிடும். நட்டஈட்டுப் பணத்தையும் கோரிக்கை வைத்த சபையே தேட வேண்டியிருக்கும். நாற்பது பேர்ச்சின் சந்தை விலையைத் தன் வரவு செலவுத் திட்டத்தில் ஒதுக்கக்கூடிய சிறு சபை எது என்பதை உங்கள் உறுப்பினரிடம் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எந்தப் பொதுத் தேவைக்கு என்பதை இரண்டாம் பிரிவு அறிவித்தலிலேயே வெளிப்படுத்த வேண்டும் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. 2000ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கைகளில் அந்தத் தீர்ப்பு இருக்கிறது. எனவே வடிகான் என்று சொல்லி எடுத்து, பிறகு விளையாட்டிடம், அதன் ஓரத்தில் கடைத்தொகுதி என்று வளர்த்துக்கொண்டு போவது நீதிமன்றத்தில் நிற்காது. ஊரில் எவருக்காவது அந்த வளவின் மேல் கண் இருந்தால், ‘வெள்ளம்’ என்ற சொல்லை அதற்குப் போர்வையாக்க இடம் கொடுக்காதீர்கள். முப்பது ஆண்டுப் போர் எங்கள் மாவட்டத்தில் காணியை விட்டுப்போனவர்கள் எல்லோரையும் சந்தேகப்படுகிறவர்களாக்கி வைத்திருக்கிறது. அந்தச் சந்தேகத்துக்குக் காரணமும் உண்டு.

அப்படியானால் எதைக் கேட்பது? வளவைக் கேட்காதீர்கள், தண்ணீர் போகும் கீற்றை மட்டும் கேளுங்கள். அந்த வளவு 90 அடி அகலமும் 121 அடி நீளமும் என்று வைத்துக்கொண்டால், நீளப்பக்கத்து எல்லையோரமாக மூன்றடி வடிகானும் அதைத் துப்புரவாக்கும் ஆள் நடக்க மூன்றடி நடைவெளியும் சேர்த்து ஆறடிக் கீற்று எடுத்தால் 726 சதுர அடி, அதாவது மூன்று பேர்ச்சுக்கும் குறைவு. மீதி முப்பத்தேழு பேர்ச்சும் உரிமையாளரிடமே இருக்கும். வடிகான் வந்த காணி பிறகு விற்கும்போதும் மதிப்புக் குறையாது. தாழ்ந்த நிலத்துக்குப் போக்கு இருப்பதை வாங்குகிறவர்கள் முதலில் கேட்கிறார்கள்.

நான் பிரதேச சபையொன்றில் வேலை பார்த்த நாட்களில் இதுபோன்ற ஒரு வளவுக்காக மூன்று ஆண்டுகள் கோப்பு ஓடியது. சபைக் கூட்டத் தீர்மானம், பிரதேச செயலகக் கடிதம், மறுபடியும் தீர்மானம் என்று தடிப்பேறிய அந்தக் கோப்பில், உரிமையாளரிடம் கேட்ட ஒரு கடிதம்கூட இருக்கவில்லை. கடைசியில் எழுதுவினைஞர் ஒருவர், கோயில் திருவிழாவுக்கு வந்திருந்த அந்தக் குடும்பத்தின் மருமகனைப் பிடித்து விடயத்தைச் சொன்னார். பத்து நாளில் சம்மதம் வந்தது. ‘இதை முதலே கேட்டிருக்கலாமே’ என்பதுதான் அவர்கள் சொன்ன ஒரே குறை.

நீங்கள் அதையே செய்யுங்கள். மாவட்டக் காணிப் பதிவகத்தில் பதிவேட்டைத் தேடி உரிமையாளரின் பெயரை எடுங்கள். கிராம உத்தியோகத்தருக்கும் கோயில் தருமகர்த்தாக்களுக்கும் உறவினர்கள் யாரென்று தெரிந்திருக்கும். சம்மதம் கிடைத்தால் வாட்ஸ்அப் செய்தியோடு விட்டுவிடாதீர்கள். காணியில் உரிமை எதையும் கைமாற்ற, 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி நொத்தாரிசுக்கும் இரண்டு சாட்சிகளுக்கும் முன்னால் எழுதிய உறுதி வேண்டும். உத்தரவு பெற்ற நில அளவையாளர் கீற்றை அளந்து படம் வரைய, அந்தப் படத்தைக் காட்டி நன்கொடை உறுதியோ வடிகான் உரிமை தரும் உறுதியோ சபையின் பெயருக்கு எழுதுவது ஒழுங்கு. அந்தச் செலவைச் சபை ஏற்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். மறுத்தால் ஒழுங்கையில் உள்ளவர்கள் பங்கிட்டுக்கொண்டாலும் ஆளுக்குப் பெருந்தொகை வராது. சம்மதம் மறுக்கப்பட்டால் மட்டும், சபையின் வடிகான் அதிகாரத்தின் கீழ் அறிவித்தலும் நட்டஈடும் என்ற வழிக்குப் போங்கள். சுவீகரிப்பு அதற்கும் அப்பால் இருக்கிறது.

கீற்று கிடைத்தாலும் வேலை முடிந்துவிடாது. வடிகானின் வாய் எங்கே திறக்கப்போகிறது என்று பொறியியலாளரிடம் கேளுங்கள். வாவி கடலோடு சேரும் முகத்துவாரம் மணல் மூடிக் கிடக்கும் நாட்களில், வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைப் பக்கத்து ஆறுகளின் வெள்ளமும் வந்து சேர்ந்து வாவி மட்டம் ஏறிவிடும். அப்போது வாய் தாழ்ந்திருக்கும் வடிகான் ஊர்த் தண்ணீரை வாவிக்குக் கொண்டுபோகாது, வாவித் தண்ணீரை ஊருக்குக் கொண்டுவரும். மணலை வெட்டி ஆற்றுவாயை, அதாவது அந்த முகத்துவாரத்தை, திறக்கும்வரை காத்திருக்கும் நாட்களில் ஒழுங்கைத் தண்ணீர் எங்கேயாவது தங்க வேண்டும். அதற்குத்தான் அந்த வளவின் தாழ்ந்த பகுதியை நிரவாமல் வைத்திருக்க உரிமையாளரோடு பேசச் சொல்கிறேன். தண்ணீர் தங்கும் இடமும் போகும் வழியும் இரண்டும் வேண்டும். வாவிப்பக்க வாயில் பின்னோட்டத்தைத் தடுக்கும் கதவொன்று பொருத்தினால் இன்னும் நல்லது. ஆனால் அதில் ஆற்றுவாழையும் பிளாஸ்திக்குப் போத்தலும் சிக்காமல் பார்த்துக்கொள்ள ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். அந்த ஒருவரின் பெயர் சபையின் தீர்மானத்திலேயே இருக்கட்டும்.

கேள்வி: மேற்குறித்தது போன்ற வளவொன்றின் உரிமையாளன் நான். சுவிற்சர்லாந்தில் இருக்கிறேன். அம்மா இறந்தபின் பார்ப்பாரில்லை. கடந்த ஆண்டு ஊருக்கு வந்தபோது என் வளவின் குறுக்கே பெக்கோ இயந்திரத்தால் கான் வெட்டியிருந்தார்கள். ஒரு கடிதமும் வரவில்லை. இரண்டு தென்னையும் வேலியும் போய்விட்டன. பக்கத்து வீட்டார் தங்கள் வேலியை நான்கடி உள்ளே நகர்த்திவிட்டார்கள். இப்படியே விட்டால் பத்து வருடத்தில் காணி அவர்களுக்காகிவிடும் என்று பயமுறுத்துகிறார்கள்.
– புலம்பெயர் வாசகர்

பதில்: தம்பி, இரண்டு விடயங்களையும் கலக்க வேண்டாம். கானை வெட்டியது சபை, வேலியை நகர்த்தியவர் அயலவர். மருந்தும் வேறு வேறு.

சபை முன்னறிவித்தல் தராமல் வெட்டியிருந்தால் அது அதிகார மீறல். ஆனால் வழக்கு என்று நினைத்தவுடன் எழும்பாமல், முதலில் தகவல் அறியும் உரிமை பற்றிய 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் சபைக்கு விண்ணப்பியுங்கள். எந்தத் தீர்மானத்தின்படி, எந்தத் திகதியில், எந்தத் திட்டத்துக்காக, எவ்வளவு செலவில் அந்தக் கான் வெட்டப்பட்டது, உங்களுக்கு அனுப்பிய அறிவித்தலின் பிரதி எங்கே என்று கேளுங்கள். அப்படி ஒரு பிரதி இல்லையென்று எழுத்தில் வந்தாலே பாதி வேலை முடிந்தது. அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதமே கால எல்லை. அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் மட்டக்களப்பு அல்லது கல்முனை அலுவலகத்தில் முறையிட்டிருந்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்த எல்லையில் சேராது. உங்கள் விடயத்தில் அந்த மாதம் கடந்துவிட்டது. சபைக்கு எதிரான வழக்குகளுக்கும் எழுத்துமூல முன்னறிவித்தலும் குறுகிய கால எல்லையும் உண்டு. சட்டத்தரணியை இந்த மாதமே பாருங்கள்.

இருந்தாலும், கானை மூடச் சொல்லுமுன் ஒருமுறை யோசியுங்கள். அந்தக் கான் உங்கள் வளவின் நடுவே போவதுதான் உங்களுக்கு இடைஞ்சல். எல்லையோரமாக மாற்றி, கொங்கிரீட் கட்டி, தென்னைக்கும் வேலிக்கும் நட்டஈடும் தருவதானால் கீற்றை உறுதி எழுதித் தருகிறேன் என்று சபைக்குக் கடிதம் அனுப்பிப் பாருங்கள். அப்படியொரு கடிதத்தை மறுக்கச் சபைக்குக் காரணம் இருக்காது. நேரில் வர இயலாவிட்டால், தூதரகத்தில் உறுதிப்படுத்தி இங்கே பதிவுசெய்த அற்றோணித் தத்துவம் (உங்கள் சார்பில் செயற்பட அதிகாரம் கொடுக்கும் பத்திரம்) மூலம் நம்பிக்கையான ஒருவரை நியமிக்கலாம். எல்லா அதிகாரமும் கொடுத்துவிடாதீர்கள். இந்தக் காணி, இந்த வடிகான், இந்த உறுதி என்று மட்டும் எழுதுங்கள்.

வேலி விடயம்: 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி பத்தாண்டு தடையின்றி, உரிமையாளருக்கு எதிராக ஆண்டால் உரிமை கோரலாம் என்பது உண்மை. உரிமையாளர் கடல் கடந்த நாட்டில் இருந்த காலத்துக்கு அதே சட்டத்தில் விதிவிலக்கு உண்டு என்பதை உங்களைப் பயமுறுத்தியவர்கள் சொல்லியிருக்க மாட்டார்கள். போரின் காரணமாகக் காணிக்குத் திரும்ப முடியாதவர்களுக்காக, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அந்தப் பத்தாண்டுக் கணக்கில் சேர்க்காதிருக்க 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் வந்தது, ஆனால் அதன் கீழ் வழக்குத் தொடுக்கக் கால எல்லை இருந்தது. ஆயினும் விதிவிலக்கை நம்பிச் சும்மா இருப்பது புத்தியன்று. நில அளவையாளரைக் கொண்டு எல்லைக் கல்லைப் புதுப்பித்து, அயலவருக்குப் பதிவுத்தபாலில் ஒரு கடிதம் போடுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர் அம்பாறை மாவட்டத்தின் கரையோரத்தில் உள்ளது. ஊரின் நடுவே கடலை நோக்கிப் போகும் தோணா ஒன்று இருக்கிறது. இரு கரையிலும் உள்ள சிலர் ஆண்டுதோறும் குப்பையும் மண்ணும் போட்டு இரண்டு மூன்று அடியாகத் தங்கள் வளவோடு சேர்த்துக்கொள்கிறார்கள். கேட்டால் ‘இருபது வருடமாக ஆள்கிறோம், எங்கள் சொந்தக் காணி’ என்கிறார்கள். சபை நட்டஈடு கொடுத்துத்தான் மீட்க வேண்டுமா?
– தோணாக்கரை வாசகர்

பதில்: வேண்டியதில்லை. தோணா என்ற நம் சொல்லுக்குச் சட்டப் புத்தகத்தில் இடமில்லாவிட்டாலும், ஊர்த் தண்ணீரையும் வயல்வடிச்சலையும் கடலுக்கோ வாவிக்கோ எடுத்துச்செல்லும் அந்த நீர்நிலையும் அதன் கரையோர ஒதுக்கமும் பொதுவாக அரச நிலம். அரசுக்கு எதிராகப் பத்தாண்டு ஆட்சி செல்லாது. இருபது வருடம் என்பது குற்றத்தின் வயது, உரிமையின் வயதன்று. 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரச காணி மீட்புச் சட்டத்தின் கீழ், தகுதிவாய்ந்த அதிகாரியான பிரதேச செயலாளர் வெளியேறும்படி அறிவித்தல் கொடுத்து, கேளாவிட்டால் நீதவான் நீதிமன்றத்துக்குப் போகலாம். காணியை ஆள்கிறவர் அங்கே காட்டக்கூடியது செல்லுபடியாகும் அரச அனுமதியை மட்டுமே.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. தோணாவின் எல்லை எங்கே என்று காட்டும் பழைய அளவைப் படத்தைத் தேடி எடுக்காமல் பெக்கோவை இறக்கினால், உண்மையிலேயே உறுதிக் காணி வைத்திருப்பவரின் மதிலும் விழும், வழக்கும் வரும், தோண்டுவதும் நிற்கும். முதலில் நில அளவைத் திணைக்களத்தின் படத்தோடு எல்லைக் கல் நடச் சொல்லுங்கள். கல் நட்ட பிறகு குப்பை போடுகிறவரின் துணிச்சல் பாதியாகிவிடும். ஓரத்தில் வயலும் இருந்து அதை நிரப்புகிறார்களென்றால், கமநல சேவை நிலையத்துக்கும் எழுதுங்கள். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி அனுமதியின்றி வயலை நிரப்புவது குற்றம்.

ஒரு குறிப்பு. கரையோரத்தில் குடிசை போட்டிருக்கும் ஏழைக் குடும்பமும், மதில் கட்டி வாகனத் தரிப்பிடமாக்கிய வசதிக்காரரும் சட்டத்தின் முன் ஒன்றே. ஆனால் அறிவித்தல் முதலில் எந்த வாசலில் ஒட்டப்படுகிறது என்பதை ஊர் கவனிக்கும். குடிசையில் தொடங்கி மதிலுக்கு வருமுன் களைத்துப்போன நடவடிக்கைகளை நான் கண்டிருக்கிறேன். மாற்றிடம் இல்லாதவர்களுக்கு இடம் பார்த்துவிட்டு, வசதிக்காரரின் மதிலில் தொடங்கினால் தோணா முழுவதும் திறக்கும்.

கேள்வி: பல ஆண்டுகளாகச் சோலைவரி (சபைக்குக் கட்டும் ஆதனவரி) கட்டாத காணி தானாகவே சபைக்குச் சொந்தமாகிவிடுமா?
– கல்முனை வாசகர்

பதில்: தானாக ஆகாது. நிலுவைக்காகச் சபை பிடியாணை பிறப்பித்து, முதலில் அசையும் பொருளையும், அது போதாவிட்டால் காணியையும் பறிமுதல் செய்து, விளம்பரப்படுத்தி ஏலத்தில் விற்கலாம். கேட்பார் இல்லாதபோது சபையே தன் பெயருக்கு எடுக்கவும் வழியிருக்கிறது. அந்த வழியில் ஒரு படி தவறினாலும் பின்னாளில் வரும் வாரிசு விற்பனையை உடைத்துவிடுவார். சில நூறு ரூபாய் வரிக்காகப் பல இலட்சம் பெறுமதியான வளவை எடுத்துக்கொள்வது நியாயமாகவும் எனக்குப் படவில்லை. வெளிநாட்டில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வரியைக் கட்டி வந்தால், சபையின் பதிவேட்டில் உங்கள் பெயரும் முகவரியும் உயிரோடிருக்கும். வடிகானுக்கு அறிவித்தல் அனுப்ப வேண்டிய நாளில் அது எங்கே போக வேண்டும் என்பது சபைக்குத் தெரிந்திருக்கும்.

கேள்வி: என் வளவு தாழ்வு, பக்கத்து வளவு உயரம். அவர் கூரைத் தண்ணீர் முழுவதையும் பீலி வைத்துக் குழாயால் என் பக்கம் திருப்பியிருக்கிறார். நான் எல்லையில் அடிமுதல் மதில் கட்டி அடைத்துவிட்டால் என்ன? சபை இதில் தலையிடுமா?
– ஏறாவூர்ப் பற்று வாசகர்

பதில்: முழுவதாக அடைக்காதீர்கள். எங்கள் நாட்டில் வழங்கும் உரோமன் டச்சுச் சட்டத்தின்படி, மேட்டுக் காணியிலிருந்து இயல்பாக வழிந்து வரும் மழைநீரைத் தாழ்ந்த காணி ஏற்றுத்தான் ஆக வேண்டும். அதே சட்டம், அந்த நீரைச் சேர்த்துக் குழாயில் கட்டி ஓரிடத்தில் உங்கள் தலையில் கொட்டும் உரிமையை மேட்டுக்காரருக்குத் தரவில்லை. மதில் உங்களைக் குற்றவாளியாக்கும், குழாய் அவரைக் குற்றவாளியாக்கும். இது சபைக்கு வரும் விடயமன்று. தண்ணீர் ஒழுங்கைக்கு வந்து பொதுமக்களுக்குத் தொல்லையானால் மட்டுமே சபைக்கோ நீதவானுக்கோ இடமுண்டு. பிணக்குகளைப் பேசித் தீர்க்கும் மத்தியஸ்த சபையில் ஒரு விண்ணப்பம் போட்டு அவரையும் அழைப்பியுங்கள். அங்கே அவருடைய பீலிக் குழாயை அவர் வளவுக்குள்ளேயே திருப்பச் சம்மதம் வாங்கிக்கொண்டு, உங்கள் மதிலைக் கட்டும்போது அடிவரிசையில் பத்தடிக்கு ஒன்றாக நான்கு அங்குலக் குழாய்த் துவாரம் விட்டுக் கட்டுங்கள். துவாரத்தின் உட்பக்கத்தில் சல்லி போட்டால் மண் அடைக்காது.